பத்து பீப்புக்கு ஒன்பது தகரம்

போன இதழில் மண்ணுக்குள் கிடக்கும் காசு, உலோகம் தேடும் புது மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். வழக்கமான போன், லேப்டாப், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என்ன மாடல்? பழையதோடு ஒப்பிட்டால் நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா, இல்லை காசு கொடுத்த பாவத்துக்கு நல்லா இருக்கு என்று சொல்லிக்கொள்கிறீர்களா?
- வாசகர், லூஷியம், லண்டன்

நல்லா கேட்டீர்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்ததால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு வயலில் முதுகு ஒடிய நின்றேன்.

வாங்கியது நோக்டா லெஜண்ட், துருக்கிக் கம்பெனி, 2022-ல் வந்த மாடல். பழையது காரெட் ஏஸ் 250, டெக்சாஸ்காரர்களுடையது. சாதாரண பேட்டரி நாலு போட்டால் ஓடும், வெள்ளி மாதிரி ஏதாவது மாட்டினால் மணி அடித்த மாதிரி ‘டிங்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும், அந்தச் சத்தத்துக்காகவே அதை விற்க மனசு வரவில்லை. ஒப்பிட மூன்றாவதாக ஒரு நண்பருடைய மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800, ஆஸ்திரேலியக் கம்பெனி.

வாங்கின அன்று ராத்திரி எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஹாலில் மெஷினை ஆன் செய்து, கல்யாண மோதிரத்தைக் கழற்றி காயில் முன்னால் ஆட்டிப் பார்த்தேன். காயில் என்றால் தரையோடு ஆட்டும் அந்த வட்டத் தட்டு. ஒரு சாணுக்கு அந்தப் பக்கம் இருந்தே மோதிரம் கேட்கிறது. ஆஹா என்று இருந்தது. ஆனால் அது ஒன்றுக்கும் உதவாத சோதனை. காற்றில் எல்லா மெஷினும் ராஜாதான், மண்ணுக்குள் போனால்தான் வண்டவாளம் தெரியும். மண்ணிலேயே இரும்புத் தாது இருக்கும், ஈரம் இருக்கும், பக்கத்தில் நாலு துருப்பிடித்த ஆணி இருக்கும். போதாததற்கு வீட்டுக்குள் வைஃபை, எல்இடி பல்ப், மைக்ரோவேவ் எல்லாம் சேர்ந்து மெஷினை உளற வைக்கும். ஹாலில் வைத்துப் பார்த்துவிட்டு ‘பழுது’ என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

தோட்டத்தில் காசைப் புதைத்துப் பார்ப்பதும் அரைகுறைதான், நேற்று கிளறின மண்ணும் நூறு வருஷம் இறுகிய மண்ணும் ஒன்றில்லை. அதனால் நாங்கள் செய்தது இது. அறுவடை முடிந்து கதிர்த்தாள் மட்டும் நிற்கும் வயல். யாராவது ஒருவர் மெஷினில் சத்தம் கேட்டால் தோண்டக் கூடாது, ஐஸ் குச்சி ஒன்றை ஊன்ற வேண்டும். அப்புறம் மற்ற இரண்டையும் அதே இடத்தில் குறுக்காகவும் நெடுக்காகவும் ஆட்டி, தோண்டலாமா வேண்டாமா என்று மூன்றும் என்ன சொல்கின்றன என்பதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். எழுதாமல் தோண்டினால் தோண்டினதுக்கு ஏற்ற மாதிரி மனசு சத்தத்தை மாற்றிச் சொல்லும், இதில் நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

இருபது குச்சி. பன்னிரண்டில் மூன்று மெஷினும் ஒரே பதில். தோண்டினால் ஈயத் துண்டு, பித்தளைப் பொத்தான், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி, பீர் கேன் மூடியின் வளையம். மூன்று இடத்தில் ஏஸ் வாயே திறக்கவில்லை, இன்னும் இரண்டில் ஒரு பக்கம் ஆட்டினால் சத்தம், திரும்பி ஆட்டினால் மௌனம். இந்த ஐந்திலும் லெஜண்டும் ஈக்வினாக்ஸும் ‘தோண்டு’ என்றே சொல்லின.

காரணம் ஒன்றும் மந்திரமில்லை. காயில் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் மாற்றி மாற்றி அனுப்புகிறது, உலோகத்தில் சின்னதாக ஒரு மின்சுழல் எழுந்து பதில் கொடுக்கிறது, அந்தப் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து இது என்ன உலோகமாக இருக்கலாம் என்று மெஷின் ஊகிக்கிறது. ஏஸ் பேசுவது ஒரே அலைவரிசையில், 6.5 கிலோஹெர்ட்ஸ். தடிமனான செம்பு, வெள்ளிக் காசுக்கு அது போதும். மெல்லிசாக, சின்னதாக இருப்பதற்கு மேல் அலைவரிசை வேண்டும். புது மெஷின் இரண்டும் ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் பேசுகின்றன. தவிர, ஒரு ஆணிக்கு ‘இல்லை’ சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்கு ‘ஆமாம்’ சொல்ல ஏஸுக்கு நேரம் பிடிக்கும், புதியவை சட்டென்று மூச்சு வாங்கிக்கொள்கின்றன. ஆணிக் குப்பையில் இதுதான் பெரிய வித்தியாசம்.

மிச்சம் மூன்று குச்சி இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் நான் கடைக்காரன் ஆகிவிடுவேன். அந்த மூன்றிலும் புது மெஷின்கள் இரண்டுமே ‘தோண்டு, தோண்டு’ என்று கூவின, ஏஸ் ‘இரும்பு’ என்று முனகிவிட்டுப் பேசாமல் இருந்தது. தோண்டினோம். ஒன்று குதிரை லாடம், இரண்டு துருப்பிடித்த சோடா மூடி. தட்டையான, துருவேறிய இரும்பு, புது மெஷின்களில் இருக்கும், இரண்டு ஆங்கில ‘D’ முதுகோடு முதுகு ஒட்டின மாதிரியான டபுள் டி வகை காயிலை ஏமாற்றும், ஏஸில் இருக்கும் பழைய பாணி வட்டத்துக்குள் வட்டம் காயில் அதில் கெட்டி. கிழவனுக்கும் ஒரு கெத்து வேண்டாமா?

லெஜண்டுக்கும் ஈக்வினாக்ஸுக்கும் இருபதில் பதினெட்டு இடத்தில் சத்தத்தின் தரம்கூட ஒன்றுதான். மற்ற இரண்டிலும் ஒன்றுக்கொன்று பெரிய தூரமில்லை. இவற்றில் எது என்று ராத்திரி தூங்காமல் யோசிப்பவர்கள் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் ஒரு நல்ல மண்வெட்டியும் பின்பாயிண்டரும் வாங்கலாம். பின்பாயிண்டர் என்பது குழிக்குள் விட்டுப் பார்க்கும் கேரட் அளவு சின்ன டிடெக்டர், அது இல்லாமல் மண்ணைக் கையால் துழாவினால் ஒரு பொத்தானுக்கு இருபது நிமிஷம் போகும்.

கேள்வி: பாஸ், இதை வாங்கினால் எத்தனை மாசத்தில் போட்ட காசு திரும்பும்?
- வாசகர், கோயம்புத்தூர்

திரும்பாது பாஸ்.

கேள்வி: பெசன்ட் நகர் பீச்சில் என் அக்காவின் செயின் அறுந்து விழுந்துவிட்டது. மெலிசான செயின், அரை பவுன் இருக்கும். இரண்டு மணி நேரம் மணலை அளைந்தோம். டிடெக்டர் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா?
- வாசகி, சென்னை

கிடைத்திருக்கும் என்று ஆறுதலுக்குச் சொல்லலாம், ஆனால் மெலிசான செயின்தான் டிடெக்டருக்கு இருப்பதிலேயே கஷ்டமான பொருள். உங்கள் கண்ணுக்கு அது ஒரு செயின், மெஷினுக்கு அது நூறு தனித்தனிக் குட்டி வளையம். ஒவ்வொன்றும் கடுகளவு பதில்தான் கொடுக்கும், கண்ணிக்குக் கண்ணி தொடர்பு சரியாக இல்லாததால் அவை சேர்ந்து ஒரு பெரிய பதிலாக ஆவதில்லை. பெரும்பாலும் மெஷின் பிடிப்பது செயினை இல்லை, கொக்கியை, அல்லது அதில் கோத்த டாலரை. தாலிக்கொடி என்றால் கதை வேறு, தாலியும் குண்டும் காசும் தனித்தனியாகவே கேட்கும். மோதிரம் இன்னும் சுலபம், முழு வளையம், கணீரென்று சொல்லும்.

நீங்கள் இருந்தது காய்ந்த மணலா, அலை வந்து போகும் ஈர மணலா? காய்ந்த மணல் என்றால் மோதிரம் மாதிரிப் பொருளுக்கு என்னுடைய ஏஸே போதும். ஈர மணலில் உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்துவதால் ஒற்றை அலைவரிசை மெஷின் உலோகமே இல்லாமல் கத்தித் தீர்க்கும், சென்சிட்டிவிட்டியைக் குறைத்து அமைதிப்படுத்தினால் செயினும் சேர்ந்து அமைதியாகிவிடும். அங்கே பல அலைவரிசை மெஷின்தான் சரி. இதிலும் மணவாளக்குறிச்சி, புல்மோட்டை மாதிரி கருமணல் இடமென்றால் இன்னொரு தொல்லை, இல்மனைட் போன்ற கனிமம் கலந்த மணல் என்பதால் எந்த மெஷினுக்கும் ஆழம் குறையும், காயிலைத் தரையில் ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் பதிலைக் கழித்துவிடுவது, செய்யாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

அப்புறம் ஒரு விஷயம். தங்க மோதிரமும் கூல்டிரிங்க் கேன் வளையமும் மெஷினுக்குக் கிட்டத்தட்ட ஒரே ஜாதி, திரையில் ஒரே பக்கத்து எண்தான் வரும். கேன் வளையத்தைத் தோண்ட அலுத்துப்போய் அந்த எண்ணை மியூட் செய்தால் மோதிரத்தையும் மியூட் செய்ததாக அர்த்தம். பீச்சில் தங்கம் வேண்டுமென்றால் குப்பையும் பொறுக்கியாக வேண்டும். அடுத்த முறை எது தொலைந்தாலும் முதலில் மணலை அளையாதீர்கள். அளைய அளைய அது கீழே போகும், இடமும் மாறும். நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, நாலா பக்கமும் தெரிவதைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கரூரில் அமராவதி ஆற்றில் பழைய காசு கிடைக்கும் என்று சின்ன வயசிலிருந்து கேள்விப்படுகிறேன். ஒரு டிடெக்டர் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கலாமா?
- வாசகர், கரூர்

ஆசை புரிகிறது. அமராவதி மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்தது உண்மை, இங்கே இங்கிலாந்து வயலில் ஒரு ரோமானியக் காசு கிடைத்தால் நான் துள்ளுவேன், உங்கள் ஊர் ஆற்றில் அது மிளகு வாங்க வந்த காசு. ஆனால் இறங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடக்கும் எதுவாக இருந்தாலும் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதி என்று. 1878-ல் பத்து ரூபாய் பெரிய காசு, இன்றைக்கு வெறும் சில்லறை, சட்டத்தில் எண் மாறவில்லை. மறைத்தால் குற்றம். அதற்கு மேல் 1972-ன் தொல்பொருள் சட்டம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள்தான். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 1958-ன் சட்டம். இலங்கையிலும் இதே கதை, 1940-ன் தொல்பொருள் கட்டளைச் சட்டம், அனுமதியில்லாமல் தோண்டினால் குற்றம். ‘ஸ்கேனர்’ சகிதம் புதையல் தோண்டியவர்கள் கைது என்று பேப்பரில் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சட்டத்தை விடுங்கள். அந்தக் காசு எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. பிடுங்கிக் கையில் எடுத்துவிட்டால் அது வெறும் செம்பு. உங்கள் சொந்தத் தோட்டத்தில் தொலைந்த ஸ்பேனரைத் தேடுங்கள், அதற்கு நான் மாடல்கூடச் சொல்கிறேன்.

கேள்வி: இருபது அடி ஆழத்தில் இருக்கும் தங்கத்தை ஐநூறு மீட்டர் தூரத்திலிருந்தே காட்டும் என்று ஒரு கருவிக்கு வீடியோ பார்த்தேன். கையில் பிடித்தால் ஆன்டெனா தானாகத் திரும்புகிறது. விலை லட்சக்கணக்கில். உங்கள் லெஜண்டை விட இது மேல்தானே?
- வாசகர், திண்டுக்கல்

ஐயா, தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். ஒற்றைக் காசுக்கு ஒரு நல்ல டிடெக்டரின் எல்லை ஒரு சாண், நல்ல மண்ணில் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அண்டா அளவு உலோகம் என்றால் இன்னும் ஆழம் போகும், அப்போதும் காயில் அதன் நேர் மேலே இருக்க வேண்டும். தூரத்திலிருந்து ‘தங்கம் மட்டும்’ தேடும் மெஷின் உலகத்தில் இல்லை. ஆன்டெனா திரும்புவது உங்கள் மணிக்கட்டு அசைவதால், தேங்காயைக் கையில் வைத்துத் தண்ணீர் பார்க்கிறார்களே அதே கணக்கு.

இது ஏதோ நம்ம ஊர் ஆட்கள் மட்டும் ஏமாறுவதாக நினைக்க வேண்டாம். ஏடிஇ 651 என்று ஒன்று இருந்தது, கைப்பிடியும் ஆன்டெனாவும் மட்டும், உள்ளே வேலை செய்யும் எதுவும் கிடையாது. கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று விற்ற விளையாட்டுப் பொருளிலிருந்து பிறந்தது. அதை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக் அரசுக்கே கோடிக்கணக்கில் விற்றார்கள், பாக்தாத் சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை உள்ளே விட்டார்கள். விற்ற பிரிட்டிஷ்காரருக்கு 2013-ல் பத்து வருஷச் சிறை. உங்கள் வீடியோக்காரர் மேடையில் புதைத்து எடுத்துக் காட்டுகிறாரா? எங்கே புதைத்தது என்று தெரியாத ஒருவர் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அடுத்த நிமிஷம் பேட்டரி தீர்ந்துவிடும்.

கேள்வி: அண்ணா, முல்லைத்தீவிலை எங்கட காணி கனகாலம் பத்தையாக் கிடக்கு. துப்புரவாக்கிக் கச்சான் போட யோசிக்கிறம். லண்டன் மாமாவிட்டை இப்பிடியொரு மெஷின் இருக்கு, அதைக் கொண்டுவந்து மிதிவெடி இருக்கோ எண்டு பாக்கலாமோ?
- வாசகி, முல்லைத்தீவு

வேண்டாம் தங்கச்சி. இதில் மட்டும் நான் விளையாட்டாக எதுவும் சொல்லப்போவதில்லை.

வடக்கில் புதைத்த மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக் உடல் கொண்டவை, உள்ளே இருக்கும் உலோகம் சின்ன ஊசியளவு. காசு தேடச் செய்த மெஷின் அந்த அளவை ‘குப்பை’ என்று தானே ஒதுக்கிவிடும், அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு வயலில் ஐந்து குறியைத் தவறவிட்டால் ஐந்து பொத்தான் நஷ்டம். உங்களுக்கு ஒன்றைத் தவறவிட்டால் கால். கண்ணிவெடி அகற்றுபவர்கள் வைத்திருக்கும் டிடெக்டர் வேறு ஜாதி, தினமும் வேலை தொடங்கும் முன் மாதிரித் துண்டை வைத்துச் சரிபார்ப்பார்கள், சத்தம் வராத இடத்தையும் முறைப்படிதான் கடப்பார்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் டிடெக்டரை நம்பாமல் ரேக் கொண்டு மண்ணையே வாரி எடுத்துப் பார்க்கிறார்கள், அத்தனை பொறுமையான வேலை, அதைச் செய்பவர்களில் பெண்கள் நிறைய. காணிக்குள் இறங்காமல் கிராம உத்தியோகத்தரிடமோ பொலிஸிடமோ சொல்லி, அந்த இடம் துப்புரவாக்கியதாகப் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக் என்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் இரண்டும் வடக்கில் வேலை செய்கின்றன. மாமாவுக்கு மெஷினை அங்கேயே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிடெக்டரை யார் கண்டுபிடித்தது?
- பத்தாம் வகுப்பு மாணவர், ஹாரோ

ஒருவர் பெயரைச் சொன்னால் சண்டை வரும். டெலிபோன் கிரகாம் பெல் 1881-ல் ஒன்று செய்தார், சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே என்று தேடுவதற்கு. கட்டிலில் இருந்த இரும்பு ஸ்பிரிங் குழப்பிவிட்டது, மருத்துவரும் ஒரு பக்கம் மட்டும்தான் தேட விட்டார், ஜனாதிபதி பிழைக்கவில்லை. முதல் களச் சோதனையிலேயே குப்பை இரும்பு தொல்லை கொடுத்திருக்கிறது, பாருங்கள். கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கண்ணிவெடி டிடெக்டர் போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி ஸ்காட்லாந்தில் இருந்தபோது செய்தது, 1942-ல் எகிப்தில் நடந்த எல் அலமெய்ன் சண்டையில் பயன்பட்டது.

கேள்வி: இங்கிலாந்தில் மட்டும் எப்படி எல்லாரும் சுதந்திரமாகத் தோண்டுகிறார்கள்? உங்களுக்கு இதுவரை கிடைத்ததில் பெரியது என்ன?
- வாசகர், மில்டன் கீன்ஸ்

சுதந்திரமாக எல்லாம் இல்லை. நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் காயிலை ஆன் செய்வதற்கே தனி உரிமம் வேண்டும், தேம்ஸ் கரைக்குத் துறைமுக ஆணையத்தின் பெர்மிட். 300 வருஷத்துக்கு மேற்பட்ட தங்கம், வெள்ளிப் பொருள் கிடைத்தால் 1996-ன் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனரிடம் (மரண விசாரணையோடு புதையல் விசாரணையும் பார்க்கும் அதிகாரி) சொல்ல வேண்டும். ஒற்றைக் காசு பொதுவாக இதில் வராது, ஆனாலும் கிடைத்த பழம்பொருளைக் குறித்துவைக்கும் பதிவு அதிகாரியிடம் காட்டுவது வழக்கம்.

இங்கே எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1992 நவம்பரில் சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டார், தேடித் தர டிடெக்டரோடு நண்பர் வந்தார். கிடைத்தது 14,000-க்கு மேற்பட்ட ரோமானியக் காசுகள், தங்க நகை, வெள்ளிக் கரண்டிகள். கொஞ்சம் எடுத்ததும் இது வேறு விஷயம் என்று புரிந்து கையை எடுத்துவிட்டார், தகவல் சொன்னார், தொல்லியல் ஆட்கள் வந்து அடுக்கு கலையாமல் எடுத்தார்கள். சுத்தியலும் பிறகு கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

எனக்குக் கிடைத்ததில் பெரியது உண்மையில் இருப்பதிலேயே சின்னது. அந்த இருபது குச்சியில் பதினேழாவது. ஏஸ் வாய் திறக்காத மூன்றில் ஒன்று, சுற்றிலும் ஆணி. லெஜண்டில் ஒரு பக்கம் ஆட்டினால் ‘டிக்’ என்று சின்னதாக, கொக்கி மாதிரி ஒரு சத்தம், எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரு சாண்கூட இல்லை, மண்கட்டியை உடைத்தால் ஒன்றும் தெரியவில்லை, பின்பாயிண்டர் மட்டும் கட்டியைப் பார்த்து நடுங்குகிறது. பெருவிரலால் தேய்த்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு முக்கோணம், என் சுண்டுவிரல் நகத்தில் பாதி. வெள்ளி பென்னியைச் சிலுவைக் கோட்டோடு நாலாக வெட்டிக் கால் பென்னியாகச் செலவழித்த காலத்துத் துண்டு, சுமார் 750 வருஷம் இருக்கும். சிலுவையின் ஒரு கையும் இரண்டு எழுத்தும் தெரிகிறது. வாங்குவதற்கும் விற்பதற்கும் பெரிய விலையில்லை. வெட்டினவன் கை கொஞ்சம் கோணல், கால் பென்னிக்குக் குறைவாகத்தான் இருக்கிறது, யாரோ ஏமாந்திருக்கிறார்கள்.

பதிவு அதிகாரியிடம் கொடுத்திருக்கிறேன், திரும்பி வர மாதங்கள் ஆகும். வயலில் அடுத்த வாரம் கோதுமை விதைக்கிறார்கள், இனி அறுவடை வரை கால் வைக்க முடியாது. மூன்று குச்சியைப் பிடுங்காமல் மறந்து வந்துவிட்டோம் என்று நேற்று நிலத்துக்காரர் போன் செய்தார்.